ஒரே பெஞ்சில் இரண்டு ப்ரியா

ஒன்பதாம் வகுப்பு பி பிரிவில் இரண்டு ப்ரியாக்கள் இருந்தார்கள். வருகைப் பதிவேட்டில் ஒருத்தி ஜெயப்ரியா, இன்னொருத்தி கவிப்ரியா. முழுப் பெயரைச் சொல்ல வகுப்பில் யாருக்கும் பொறுமை இல்லை. கொரோனா முடிந்து பள்ளி திறந்த முதல் மாதத்திலேயே இருவருக்கும் வேறு பெயர் வந்துவிட்டது. ஜெயப்ரியாவின் வீட்டில் பசுமைக்குடில் போட்டு இரண்டு ஏக்கரில் ரோஜா வளர்த்தார்கள். அவள் ரோஸ் ப்ரியா. கவிப்ரியாவின் அம்மா வெங்கடம்மா அதே பள்ளியில் கழிப்பறை கழுவினாள். இவள் கக்கூஸ் ப்ரியா.

இரண்டாவது பெயரை வைத்தது முதல் பெயர்க்காரிதான்.

ஓசூருக்கும் தேன்கனிக்கோட்டைக்கும் நடுவே, சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது அந்த அரசு மேல்நிலைப் பள்ளி. ஊர்ப் பிள்ளைகளும் காலனிப் பிள்ளைகளும் அங்கேதான் படித்தார்கள். வெங்கடம்மாவுக்கு அது தற்காலிக வேலை. உத்தரவு என்று ஒரு காகிதம் கிடையாது. நாளைக்கு வராதே என்று யாராவது சொன்னால் அதோடு சரி. கணவன் கரியப்பன் பர்கூர்ப் பக்கம் கிரானைட் அறுக்கும் பட்டறையில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வருவான், காதுக்குள்ளெல்லாம் வெள்ளைத் தூளோடு.

கவிப்ரியா ஒல்லியான, உயரமான பெண். இடது கையால் எழுதுவாள். கணக்கில் வகுப்பில் அவளுக்குப் பிறகுதான் மற்றவர்கள். அவளுக்கு அழுகை வராது. கோபம் வரும். கோபம் வந்தால் வாய் திறக்காமல் பல்லைக் கடிப்பாள். அந்த இரண்டு வருடத்தில் கடித்த கடியில் ஒரு கடைவாய்ப் பல் விண்டுபோனது என்று இப்போதும் சொல்கிறாள்.

யாராவது வகுப்பில் வாந்தி எடுத்தால் பையன்கள், "ப்ரியா, உங்கம்மாவக் கூப்புடு" என்பார்கள். அவள் தண்ணீர் பாட்டிலில் ஒரு நாள் பினாயில் கலந்திருந்தது. வாயில் வைப்பதற்கு முன் வாசனை வந்ததால் தப்பினாள். ஒரு வகுப்பு மேலே படித்த ஹரீஷ்குமார், ஜெயப்ரியாவின் பெரியப்பா மகன், அவனுக்கு மூன்று கூட்டாளிகள். இவர்களுக்கு ஒரு விளையாட்டு இருந்தது. பையன்கள் கழிப்பறைக் குழியில் பழைய துணியைத் திணித்து அடைத்துவிடுவார்கள். பிறகு கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டு, வெங்கடம்மா வந்து கையை உள்ளே விட்டு அதை உருவி எடுக்கும்வரை வேடிக்கை பார்ப்பார்கள்.

கவிப்ரியா வகுப்பு டீச்சரிடம் சொன்னாள். "பேர் வச்சா வச்சிட்டுப் போறாங்க. நீ நல்லாப் படிக்கிற பொண்ணு, இதெல்லாம் காதுல வாங்காத" என்றார் டீச்சர். தலைமை ஆசிரியர் வெங்கடசாமியிடம் சொன்னாள். அவர் திங்கட்கிழமை பிரார்த்தனையில் ஒழுக்கத்தைப் பற்றிப் பத்து நிமிடம் மைக்கில் பேசினார். பேசி முடித்துவிட்டு ஹரீஷ்குமாரின் அப்பா பள்ளிக்கு வாங்கித் தந்த புது மைக்குக்கு நன்றி சொன்னார்.

அம்மாவிடம் சொன்னதற்குக் கிடைத்த பதில் இன்னும் மோசம்.

"பேசாம இருடி. நானே சும்மா இருக்கறேன், உனக்கு என்னாத்துக்கு? வேலை போச்சுன்னா நீயா வந்து சோறு போடுவ?"

பத்தாம் வகுப்பில், டிசம்பரில், ஜெயப்ரியா ஒரு வீடியோ எடுத்தாள். பள்ளிக்குப் போன் கொண்டுவரக் கூடாது. அவள் கொண்டுவருவாள், யாரும் கேட்க மாட்டார்கள். வெங்கடம்மா குனிந்து, முந்தானையை இடுப்பில் செருகி, முழங்கைவரை குழிக்குள் விட்டுத் துணியை இழுக்கிறாள். இழுத்த வேகத்தில் பின்னால் சரிந்து ஈரத் தரையில் உட்கார்ந்துவிடுகிறாள். நாற்பது நொடி. பின்னணியில் ஒரு குத்துப்பாட்டு. மேலே எழுத்தில், 'நம்ம ப்ரியாவோட ஃபியூச்சர்.'

சாயங்காலத்துக்குள் பள்ளி முழுக்கப் பார்த்துவிட்டது. இரவுக்குள் ஊர். மறுநாள் காலையில் பர்கூரில், பட்டறையில் கூட வேலை செய்கிறவன் போனில், கரியப்பன் பார்த்தான். வெங்கடம்மாவின் போனுக்கு அழைத்து மகளிடம் கொடுக்கச் சொன்னான். "சாப்டியா?" என்றான். அவள் "ம்" என்றாள். வைத்துவிட்டான்.

அன்று காலைப் பிரார்த்தனையில் எல்லோரும் கண்ணை மூடி நின்றிருந்தபோது கவிப்ரியா தன் வரிசையை விட்டு வெளியே வந்தாள். அவசரப்படாமல் நடந்து ஜெயப்ரியாவின் முன்னால் போய் நின்று, அவள் கண்ணைத் திறக்கும்வரை காத்திருந்து, இடது கையால் இரண்டு அறை விட்டாள்.

அரை மணி நேரத்தில் ஜெயப்ரியாவின் அம்மா சுகுணா காரில் வந்துவிட்டாள். கணவன் இறந்தபின் ரோஜாத் தோட்டத்தைத் தம்பி பூபதியை வைத்துக்கொண்டு தனியாக நடத்துகிறவள், பெங்களூர் வியாபாரிகளிடம் கறாராகப் பேசுகிறவள். தலைமை ஆசிரியர் அறையில் நாற்காலியில் உட்கார்ந்தாள். வெங்கடம்மா கதவோரம் நின்றாள்.

"ஏ வெங்கடி, எம் பொண்ணு மேல கை வெக்கற அளவுக்கு வந்திருச்சா உங்களுக்கு?" என்றாள் சுகுணா.

"சின்னப் புள்ளைங்கம்மா. தெரியாம செஞ்சிருச்சு" என்றாள் வெங்கடம்மா.

"தெரியாமயா? எல்லாரு முன்னால அடிச்சிருக்குது. சார், இதுக்கு ஒரு வழி சொல்லுங்க. இல்லன்னா நான் வேற எடத்துல சொல்லிக்கறேன்."

வெங்கடசாமி கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தபடி, "மன்னிப்புக் கேட்டுடு வெங்கடம்மா. முடிஞ்சுபோவட்டும்" என்றார்.

"அந்த வீடியோ, சார்" என்றாள் கவிப்ரியா.

"அதெல்லாம் டெலிட் பண்ணியாச்சு. நீ வாய மூடு."

வெங்கடம்மா வாயால் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அவள் அப்படியே குனிந்து சுகுணாவின் காலைத் தொட்டாள். சுகுணா காலை இழுத்துக்கொள்ளவில்லை. கன்னம் வீங்கிய ஜெயப்ரியா சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கவிப்ரியாவுக்கு ஐந்து நாள் பள்ளிக்கு வரக் கூடாது என்று தண்டனை. வீடியோ எடுத்தவளுக்கு ஒன்றுமில்லை. துணியை அடைத்தவனிடம் யாரும் எதுவும் கேட்கவே இல்லை.

வீட்டுக்குப் போகும் வழியில், "ஏம்மா குனிஞ்ச?" என்று கேட்டாள் கவிப்ரியா. வெங்கடம்மா அவளை ஓங்கி அடித்தாள். அதற்குப் பிறகு இரண்டு மாதம் தாயும் மகளும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

பதினொன்றாம் வகுப்பில் கணக்கு–கம்ப்யூட்டர் பிரிவில் பதினெட்டுப் பேர்தான். புதிதாக வந்த வகுப்பு ஆசிரியர் ஒரு திட்டம் வைத்திருந்தார். அதிக மார்க் எடுத்தவர் பக்கத்தில் குறைந்த மார்க் எடுத்தவரை உட்காரவைத்தால் இருவரும் தேறுவார்களாம். பத்தாம் வகுப்பில் முதல் மார்க் கவிப்ரியா. கடைசி ஜெயப்ரியா. அவருக்குப் பழைய கதை எதுவும் தெரியாது. இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

நான்கு மாதம் ஒரு சொல் பேசவில்லை. கவிப்ரியா நோட்டில் எழுதும்போது வலது கையை மடக்கி மறைத்துக்கொள்வாள். ஜெயப்ரியா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

அக்டோபரில் ஜெயப்ரியாவின் முறை வந்தது. அதே வகுப்பில் மணிகண்டன் என்று ஒரு பையன். அவள் பிறந்த நாளுக்கு வாட்ஸ்அப்பில் வாழ்த்து அனுப்பியிருந்தான். அவள் ஒரு இதயப் படம் அனுப்பியிருந்தாள். அதற்கப்புறம் ஒரு மாதப் பேச்சு, சாப்பிட்டாயா தூங்கினாயா என்கிற அளவில். ஹரீஷ்குமார் வீட்டில் அவள் போனைப் பிடுங்கிப் பார்த்தான். எல்லாவற்றையும் படம் பிடித்துத் தன் கூட்டாளிகளுக்கு அனுப்பினான். தங்கச்சியைத் திருத்துவதற்காக என்று பிறகு சொன்னான். ஊர் முழுக்க அனுப்பி எவன் தங்கச்சியைத் திருத்துகிறான் என்று அவனை யாரும் கேட்கவில்லை.

மணிகண்டனை முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். ஜெயப்ரியாவுக்குப் பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர்கள் கக்கூஸ் ப்ரியாவைவிடக் கேவலமானவை, இங்கே எழுத முடியாது. கரும்பலகையில் எழுதினார்கள். சாப்பாட்டு நேரத்தில் அவள் வந்து உட்கார்ந்ததும், மூன்று வருடம் அவளோடு தட்டை ஒட்டி வைத்துச் சாப்பிட்ட நான்கு பெண்களும் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்கள்.

முதல் நாள் கவிப்ரியாவுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை அவள் யாரிடமும் மறைத்ததில்லை. "நல்லா அனுபவின்னு நெனச்சேன். வயித்துக்குள்ள ஐஸ் வெச்ச மாதிரி இருந்துச்சு" என்பாள். இரண்டாம் நாளும் நன்றாகத்தான் இருந்தது. ஒரு வாரம் ஆனபோது அவளுக்கு அலுத்துவிட்டது. கரும்பலகையில் இருந்த எழுத்து ஹரீஷின் கூட்டாளி ஒருவனுடையது. முன்பு கக்கூஸ் ப்ரியா என்று எழுதியதும் அதே கைதான்.

ஒரு நாள் மதியம், அம்மாவிடம் வீட்டுச் சாவி வாங்கப் பெண்கள் கழிப்பறைக்குப் பின்னால் போனாள். அங்கே துடைப்பம், வாளி, பினாயில் கேன்கள் வைக்கும் சின்ன அறை ஒன்று உண்டு. உள்ளே கவிழ்த்துப் போட்ட வாளிமேல் ஜெயப்ரியா உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வெங்கடம்மா வாசலில் நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள்.

கவிப்ரியா அம்மாவைத் தனியே இழுத்துக்கொண்டு போனாள்.

"அவளுக்கு எதுக்கு எடம் குடுத்த?"

"நாலு நாளா கக்கூசுக்குள்ள ஒக்காந்து சாப்புட்டுக்கினு இருந்துச்சு. சோத்த அங்கயே கொட்டுது. அடைச்சிக்குது. யாரு எடுக்கறது, நீயா?"

"உன் வீடியோவ எடுத்தவம்மா அவ."

"தெரியும்."

"அவங்கம்மா கால்ல விழுந்த."

"அதுவும் தெரியும். சாவி வேணுமா வேணாமா?"

கவிப்ரியா சாவியை வாங்கவில்லை. நேராக அந்த அறைக்குள் போனாள். ஜெயப்ரியா டப்பாவை மூடினாள்.

"சாரி" என்றாள். இருவரும் பேசிக்கொண்ட முதல் சொல் அது.

"உன் சாரிய யாரு கேட்டா? அந்த வீடியோவ ஹரீஷ் எடுக்கச் சொன்னானா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் ஜெயப்ரியாவுக்குச் சுலபம். அந்த நேரத்தில் ஹரீஷ்மேல் எதைப் போட்டாலும் கவிப்ரியா நம்பியிருப்பாள்.

"இல்ல. யாரும் சொல்லல. நானேதான் எடுத்தேன். எடுக்கும்போது சிரிச்சேன்."

"ஏன்?"

"உனக்கு மார்க் வருது, எனக்கு வரல. எங்கம்மா தெனமும் அதச் சொல்லித்தான் திட்டுவாங்க. கழுவறவ பொண்ணு எப்டிப் படிக்குது பாருன்னு."

கவிப்ரியா அவளை இன்னொரு அறை விடலாமா என்று யோசித்தாள். அடிக்கவில்லை. "நாளையிலருந்து அந்த வாளில ஒக்காராத. அது உடைஞ்சா எங்கம்மாதான் பதில் சொல்லணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள். மறுநாள் ஜெயப்ரியா தரையில் காகிதம் விரித்து உட்கார்ந்திருந்தாள். கவிப்ரியா தன் தட்டோடு எதிரே போய் உட்கார்ந்தாள். ஏன் போனாள் என்று அவளுக்குத் தெரியாது. வகுப்பில் இருந்தவர்களைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவதற்கு இது தேவலாம் என்று தோன்றியதாம்.

இப்படித்தான் அது ஆரம்பித்தது, இரண்டு பேரும் கோபமாக, பினாயில் நாற்றத்தில். ஜெயப்ரியா ஹரீஷைத் திட்டுவாள். கவிப்ரியா ஜெயப்ரியாவையும் சேர்த்துத் திட்டுவாள். சின்ன வயதில் வெங்கடம்மா எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் வேலை செய்ததால் கவிப்ரியாவுக்குக் கன்னடம் நன்றாக வரும். ஜெயப்ரியா வீட்டில் பேசுவதே கன்னடம்தான். வகுப்பில் ஆசிரியர் முன்னாலேயே, அவருக்குப் புரியாத கன்னடத்தில், ஒருத்தி மெதுவாக ஒன்று சொல்ல இன்னொருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்துகொள்வாள். கவிப்ரியா நோட்டை மறைப்பதை விட்டாள். ஜெயப்ரியா அரையாண்டில் கணக்கில் நாற்பத்தொன்று வாங்கினாள். அது அவள் வாழ்க்கையில் பெரிய மார்க்.

யாரும் அவர்களைச் சும்மா விடவில்லை. ரோஸும் கக்கூஸும் என்று சேர்த்துப் பாடினார்கள். காலனிப் பெண்ணோடு சேர்கிறாள் என்று வீட்டில் சொல்லிக்கொடுத்தான் ஹரீஷ். சுகுணா மகளின் புத்தகப் பையைக் கிணற்றடியில் கொட்டினாள்.

பிப்ரவரி கடைசியில் ஜெயப்ரியா சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"பரீட்ச முடிஞ்ச மறு வாரம் எனக்குக் கல்யாணம். பூபதி மாமாவோட."

பூபதி சுகுணாவின் தம்பி. வயது இருபத்தொன்பது. இவளுக்குப் பதினாறு.

"வேணாம்னு சொன்னியா?"

"சொன்னேன். கரண்டியால அடிச்சாங்க. பேரு கெட்டுப்போன பொண்ண வேற எவன் கட்டுவான்னு கேட்டாங்க. மாமா அப்டியே ஒக்காந்து டிவி பாத்துக்கினு இருந்தாரு."

"பத்து ஒம்பது எட்டுக்குப் போன் பண்ணு. புள்ளைங்களுக்கான உதவி நம்பர்."

"என்கிட்ட ஏது போன்?"

இருவரும் வாசலில் நின்ற வெங்கடம்மாவைப் பார்த்தார்கள். வெங்கடம்மாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. "வேணாம்டி. என் நம்பர் போவும். நம்ம தலைமேலதான் விடியும்" என்றாள். சொன்னாளே தவிர, அன்றும் மறுநாளும் போனை இடுப்பிலிருந்து எடுத்து அறையிலேயே வைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

ஜெயப்ரியா உடனே அழைக்கவில்லை. அம்மா மனம் மாறும் என்று மூன்று வாரம் பார்த்தாள். கல்யாணப் பத்திரிகை அச்சடித்து வந்தது. இயற்பியல் பரீட்சை முடிந்த மதியம் அந்த அறையில் நின்று, வெங்கடம்மாவின் போனில், தானே பேசினாள். பெயர், வயது, தேதி எல்லாம் சொன்னாள்.

மறுநாள் விலாசம் சரிபார்க்கத் திரும்ப அழைத்தார்கள். வெங்கடம்மா அப்போது தலைமை ஆசிரியர் அறைக்கு வெளியே தரை துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் போனைக் காதில் வைத்துப் பேசினால் கேட்காது, எப்போதும் ஸ்பீக்கரில்தான். "குழந்தைத் திருமணம் பத்திப் புகார் வந்திருக்கு, பொண்ணு வீடு எங்கம்மா?" என்று போன் கேட்டது. வெங்கடம்மா ஊர்ப் பெயரைச் சொல்லி, ரோஜாத் தோட்டத்து வீடு என்றாள். நாளைக்கு வருகிறோம் என்றார்கள். உள்ளே வெங்கடசாமி பேனாவை மூடி வைத்தார்.

அதற்கு அடுத்த நாள் வேதியியல். ஒன்பதரைக்குக் கவிப்ரியா பள்ளி வாசலில் நின்றிருந்தாள். ஜெயப்ரியா வரவில்லை. ஒன்பதே முக்காலுக்கும் வரவில்லை. வாசலில் நின்று பிள்ளைகளை உள்ளே அனுப்பிக்கொண்டிருந்த வெங்கடசாமியிடம் போனாள்.

"சார், ஜெயப்ரியா எங்க?"

"உடம்பு சரியில்லன்னு போன் வந்துச்சு. நீ உள்ள போ, டைம் ஆச்சு."

வாளியோடு வந்த வெங்கடம்மா அதைக் கேட்டு நின்றாள். "நேத்து அந்தப் போன் வந்தப்ப சாரு உள்ளதான் இருந்தாரு" என்றாள் மகளிடம்.

கவிப்ரியா அவர் முகத்தைப் பார்த்தாள். "சொல்லிட்டீங்களா சார்?"

"பெத்தவங்களுக்குத் தெரியாம அதிகாரிங்க வந்து நின்னா நல்லாவா இருக்கும்? ஸ்கூல் பேரும்தான் கெடும். நான் நல்லதுக்குத்தான் சொன்னேன். உனக்கென்ன அதுல? ஹாலுக்குப் போ."

"அவ உங்க ஸ்டூடன்ட் சார்."

"போன்னு சொன்னேன்."

மணி அடித்தது. கவிப்ரியா உள்ளே போகவில்லை. பதினோரு வருடம் ஒரு பரீட்சையும் விடாதவள். நுழைவுச்சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சாலையைப் பார்த்து நடந்தாள். பின்னால் தகர வாளியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. வெங்கடம்மா, போட்டிருந்த நீலக் கோட்டைக்கூடக் கழற்றாமல், கூடவே வந்தாள்.

"அந்த நம்பரப் போட்டுக் குடு" என்றாள்.

தன் வீட்டுக் குலசாமி கோயில் கர்நாடகத்தில் ஆனேக்கல் தாண்டி, ஏரிக்கரையில் ஒரு மாரம்மா கோயில் என்று ஜெயப்ரியா எப்போதோ சொல்லியிருந்தாள். அவசரக் கல்யாணத்துக்கு எல்லை தாண்டிப் போவது இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த வழி. இருவரும் நேராகக் காவல் நிலையத்துக்குப் போனார்கள். அங்கே கவிப்ரியா அதைச் சொன்னாள்.

"கர்நாடகான்னா அது எங்க லிமிட் இல்லம்மா" என்றார் எழுதிக்கொண்டிருந்தவர். "யூனிஃபார்ம்ல இருக்கற, இன்னைக்குப் பரீட்ச இல்ல?"

"இருக்குது. எழுதல. நீங்க அந்தப் பக்கத்துக்குப் போன் பண்ணுங்க."

"பெரியவங்க விஷயம். நீ போய்ப் படிக்கற வழியப் பாரு."

"பதினாறு வயசுப் பொண்ணு கழுத்துல தாலி கட்டறாங்க சார், அது பெரியவங்க விஷயமா?" என்று கேட்டுவிட்டு அவள் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்தாள். மறுபடி உதவி எண்ணை அழைத்தாள். போனில் இருந்த பெண் நல்லவள். கர்நாடகப் பக்கத்து ஆட்களோடு இணைத்துவிட்டாள். கவிப்ரியா கன்னடத்தில் பேசினாள், ஏரி, கோயில், சுகுணாவின் காரின் நிறம், நம்பர், எல்லாம். அந்தப் பக்கம் இருந்தவர், "நீ யாரும்மா, அக்காவா?" என்று கேட்டார். "கூட ஒக்கார்ற பொண்ணு" என்றாள்.

அவர்கள் போய்ச் சேர்வதற்கு இருபது நிமிடம் முன்பு பூபதி தாலி கட்டிவிட்டான்.

போலீஸ் ஜீப்பைப் பார்த்ததும் சுகுணா மகளின் கையைப் பிடித்து, "பதினெட்டு ஆச்சுன்னு சொல்லு" என்றாளாம். ஜெயப்ரியா கையை உதறினாள். தாலியைத் தலைவழியாகக் கழற்றி அட்சதைத் தட்டில் போட்டாள். "எனக்குப் பதினாறு. நான் வேணாம்னு சொன்னேன். அடிச்சிக் கூட்டினு வந்தாங்க" என்று கன்னடத்தில், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். பூபதி பட்டு வேட்டியோடு தென்னந்தோப்புக்குள் ஓடினான். மாலைக்குள் பிடித்துவிட்டார்கள்.

மறுநாள் வெங்கடம்மாவை வேலைக்கு வர வேண்டாம் என்றார் வெங்கடசாமி. அன்று பதினோரு மணிக்கு ஹரீஷ்குமார் நான்கு பேரோடு காலனிக்கு வந்தான். வாசலில் நின்று சாதியைச் சொல்லித் திட்டினான். குடத்தை எட்டி உதைத்தான். கவிப்ரியா வெளியே வந்து அம்மாவின் போனை அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"பேசுண்ணா. சத்தமாப் பேசு, நல்லா ஏறட்டும்."

அவன் கையை ஓங்கினான். அதற்குள் காலனிப் பெண்கள் ஒவ்வொருத்தராக வெளியே வந்து அவளுக்குப் பின்னால் நின்றுவிட்டார்கள். அவன் இன்னும் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போனான். அம்மாவின் போனில் பதிந்த அந்த வீடியோவை வைத்துப் புகார் கொடுத்தார்கள். புகாரை வாங்கவே பதினோரு நாள் ஆயிற்று.

கரியப்பன் பர்கூரிலிருந்து வந்து எல்லாவற்றையும் கேட்டான். மகளைத் திட்டவில்லை, பாராட்டவுமில்லை. "இங்க இருக்க வேணாம்" என்றான். ஓசூரில் ஒரே அறை வீடு ஒன்றுக்குக் குடிபோனார்கள். வெங்கடம்மாவுக்கு ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை கிடைத்தது. கையுறை தருகிறார்கள். கவிப்ரியா வேதியியலை ஜூன் துணைத்தேர்வில் எழுதினாள். பன்னிரண்டாம் வகுப்பை ஓசூரில் முடித்தாள்.

வெங்கடசாமி மாற்றலாகி வேறு பள்ளிக்குப் போனார். தண்டனையாக இல்லை, அவரே கேட்டு வாங்கிய மாற்றல். சந்தன மாலையும் பொன்னாடையும் போட்டு வழியனுப்பினார்கள். பிள்ளைகளைத் தன் பிள்ளைபோல் பார்த்தவர் என்று ஒரு ஆசிரியர் பேசினாராம். கவிப்ரியா இதைச் சொல்லும்போது இப்போதும் பல்லைக் கடிக்கிறாள்.

ஜெயப்ரியா ஒன்றரை வருடம் அரசுக் காப்பகத்தில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம். கவிப்ரியா மாதம் ஒரு முறை பஸ் ஏறிப் போவாள், கணக்கு வினாத்தாள்களை எடுத்துக்கொண்டு. இரண்டு முறை சண்டை போட்டுக்கொண்டு பேசாமல் திரும்பினாள். ஒரு சண்டை, ஜெயப்ரியா அம்மாவை மன்னித்துவிடலாமா என்று கேட்டதால். இன்னொன்று எதற்கென்று இருவருக்கும் நினைவில்லை. பதினெட்டு முடிந்ததும் காப்பகத்தில், எங்கே போகிறாய் என்று கேட்டார்கள். வீட்டு விலாசத்தைச் சொல்லாமல் ஓசூர் விலாசத்தைச் சொன்னாள். வெங்கடம்மா கதவைத் திறந்து, பையைப் பார்த்து, "பாய் ஒண்ணுதான் இருக்குது. ரெண்டு பேரும் பங்கு போட்டுக்குங்க" என்றாள்.

இப்போது இரண்டு பேரும் ஒரே எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை செய்கிறார்கள், வேறு வேறு லைனில். கவிப்ரியா தபால் வழியில் பி.எஸ்சி. கணக்குப் படிக்கிறாள். குளிக்கிற முறைக்கும் சார்ஜருக்கும் தினமும் சண்டை. போன மாதம் கம்பெனி பஸ்ஸில் பழைய வகுப்புக்காரி ஒருத்தி, "அவள எப்படிடி மன்னிச்ச?" என்று கேட்டாள்.

"மன்னிச்சேன்னு யாரு சொன்னா?" என்றாள் கவிப்ரியா. "அவளும் கேக்கல. நானும் குடுக்கல. அவ என்கூட இருக்கறா, அவ்ளோதான்."

கல்யாண வழக்கு இன்னும் நடக்கிறது. கடந்த வியாழக்கிழமை சாட்சி சொல்ல வரச் சொல்லியிருந்தார்கள். வெங்கடம்மாவோடு மூன்று பேரும் ஒரு நாள் விடுப்புப் போட்டுப் போனார்கள். காலை பத்திலிருந்து கோர்ட் வராந்தாவில் நின்றார்கள். எதிர்ப்பக்கத்து வக்கீல் வரவில்லை, நான்காவது முறையாகத் தள்ளிப்போட்டார்கள். பூபதி ஜாமீனில் இருக்கிறான், மீசையை முறுக்கிக்கொண்டு இவர்களைக் கடந்து போனான். ஹரீஷ்குமார் பொறியியல் படிக்கிறானாம். அவன்மீது கொடுத்த புகார் எங்கே இருக்கிறது என்று எவருக்கும் தெரியவில்லை.

படியிறங்கும்போது சுகுணா வழியில் நின்றாள். ஆள் இளைத்திருந்தாள். மகளைப் பார்க்காமல் வெங்கடம்மாவிடம், "ஒழுங்காச் சாப்புடுதா?" என்று கேட்டாள்.

வெங்கடம்மா பதில் சொல்ல வாய் திறந்தாள். கவிப்ரியா குறுக்கே வந்து நின்றாள். "இங்கதான நிக்கறா. அவகிட்டயே கேளுங்க."

சுகுணா கேட்கவில்லை. ஜெயப்ரியாவும் நிமிரவில்லை. செருப்பு நுனியால் படியின் விளிம்பைத் தட்டிக்கொண்டிருந்தாள். சுகுணா காரைப் பார்த்து நடந்தாள்.

"வக்கீல் வரலன்னா காலைலயே சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன?" என்றாள் கவிப்ரியா, யாரையும் பார்க்காமல். அடுத்த தேதி நவம்பரில். பஸ் நிலையத்துக்கு நடக்கும்போது ஜெயப்ரியா, நவம்பரில் தனியாக வருவதாகவும் இவர்கள் விடுப்புப் போட வேண்டாம் என்றும் சொன்னாள். "வாய மூடிக்கினு வாடி" என்றாள் கவிப்ரியா. ஓசூர் பஸ்ஸில் கூட்டம். உட்கார இடமில்லை. மூன்று பேரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.